ஆயிரம் மைல் பனிப்பாதை

உலகப் படத்தில் அலாஸ்காவைத் தேடிப் பாருங்கள். தெற்கே ஆங்கரேஜ் நகரமும், மேற்கே பெரிங் கடலோரத்தில் நோம் என்னும் சிற்றூரும் தென்படும். இவ்விரண்டையும் இணைக்கும் சாலை இன்றுவரை கிடையாது. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில், நாய்கள் பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகள் சுமார் 1,600 கிலோமீட்டர் கடந்து நோமை அடைகின்றன. இதுவே புகழ்பெற்ற இடிடராட் பந்தயம்.

இப்பாதை பந்தயத்திற்காகப் போடப்பட்டதன்று. 1908-ல் இடிடராட் ஆற்றுப் பகுதியில் தங்கம் கிடைத்தது. அதன்பின் தபாலும் உணவும் தங்கமும் நாய் வண்டிகளிலேயே இவ்வழியாகச் சென்றன. பின்னர் விமானம் வந்தது. 1960-களில் இயந்திரப் பனிவண்டியும் பரவியது. நாய்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. நாய்களையும் பழைய பாதையையும் காக்க விரும்பிய ஜோ ரெடிங்டன் என்பவரின் முயற்சியால் 1973-ல் முதன்முறையாக நோம் வரை பந்தயம் நடைபெற்றது. அன்று வென்றவருக்கு 20 நாட்கள் ஆயின. 2017-ல் வென்றவர் எட்டே நாட்களில் வந்து சேர்ந்தார்!

மலையும் ஆறும்

முதலில் அலாஸ்கா மலைத்தொடர் குறுக்கிடுகிறது. அதிலுள்ள ரெய்னி கணவாயைக் கடந்ததும் டால்செல் பள்ளத்தாக்கில் செங்குத்தான இறக்கம். வண்டி நாய்களின்மேல் மோதிவிடாமல் தடையை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டும். வழியில் மூஸ் என்னும் பெரிய மான்களும் எதிர்ப்படும். 1985-ல் சூசன் புட்சர் என்ற வீராங்கனையின் இரண்டு நாய்களை இத்தகைய மான் ஒன்று மிதித்துக் கொன்றது. அவர் பந்தயத்தைக் கைவிட நேர்ந்தது.

அடுத்து உறைந்த ஆறுகள். ஆற்றின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். பனிக்கட்டி தடித்து வழியைக் குறுக்கும்போது, அழுத்தம் மிகுந்த நீர் விரிசல்கள் வழியே மேலே வந்து பரவும். அதன்மேல் புதுப்பனி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கடுங்குளிரில் கால் நனைந்தால் சிறிது நேரத்தில் விரல்கள் உறைந்து, அவற்றை இழக்கவும் நேரலாம். நாய்களின் பாதங்களுக்குத் துணியுறை அணிவிப்பதும், நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் அவற்றைச் சோதிப்பதும் கட்டாய ஓய்வும் உண்டு. அப்படியும் நாய்கள் இறந்ததுண்டு. பந்தயத்தின் மீது கண்டனங்களும் உண்டு.

கடலின் மேல் ஒரு பாதை

யூக்கான் ஆற்றை விட்டு மேற்கே திரும்பினால் நார்ட்டன் விரிகுடா. ஷக்டூலிக் என்ற ஊரிலிருந்து கோயுக் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பெரும்பகுதி உறைந்த கடலின் மீதே செல்ல வேண்டும். ஒதுங்குவதற்கு ஒரு மரமும் இல்லை.

கடல்நீர் உறையும்போது உப்புநீர் சிறு துளிகளாக அதனுள் சிக்கிக்கொள்கிறது. ஆகவே அதே கனமுள்ள ஏரிப் பனிக்கட்டியைவிட அது வலிமை குறைந்தது. ஓதமும் அலையும் அதை அசைக்கின்றன. கரையிலிருந்து பலத்த காற்று வீசினால் அது பாளம் பாளமாகப் பிளந்து, மேலே நிற்பவரோடு கடலுக்குள் நகர்ந்துவிடும்.

1925 ஜனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. துறைமுகம் உறைந்து கிடந்தது. இருபது வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி, 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு மருந்தைக் கொண்டு சென்றனர். அவர்களுள் ஒருவரான லியோன்ஹார்ட் செப்பாலா, பன்னிரண்டு வயதான டோகோ என்ற முன்னணி நாயை நம்பி, புயலடித்த இரவில் இதே விரிகுடாவைக் கடந்தார். கடற்பனி எந்நேரமும் உடையலாம் என்பதை அவர் அறிவார். கரையோரமாகச் சுற்றினால் நாள் கூடும். நோயுற்ற குழந்தைகளுக்கு அந்த நாள் கிடைக்குமா? புறப்பட்ட ஐந்தரை நாட்களில் மருந்து நோமை அடைந்தது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1985-ல், லிபி ரிடில்ஸ் என்ற பெண் அதே இடத்தில் நின்றார். பனிப்புயலைக் கண்டு மற்றவர்கள் ஷக்டூலிக்கில் தங்கினர். அவரோ புறப்பட்டார், உறைந்த கடலின்மேல் வண்டிப் பைக்குள்ளேயே இரவைக் கழித்தார், இப்பந்தயத்தில் வென்ற முதல் பெண் ஆனார். செப்பாலா உயிர்களைக் காக்கத் துணிந்தார். ரிடில்ஸ் வெற்றிக்காகத் துணிந்தார். இருவரும் நம்பியது நாய்களின் காலையும் பனிக்கட்டியின் உறுதியையும்தான்.

அந்த உறுதி இன்று குறைந்து வருகிறது. பனி போதாமையால் 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் பந்தயத்தை வடக்கேயுள்ள ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. முன்னாள் வண்டியோட்டிகள் குளிருக்கு அஞ்சினர். இன்றையோர் குளிர் குறைவதற்கும் அஞ்சுகின்றனர். நோமுக்குச் சாலை இல்லை. பனிக்கட்டியே அதன் சாலை. அது உருகினால், பந்தயத்தோடு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பாதையும் மறையும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.