வீடு முழுக்க வாட்டர் சாஃப்ட்னர் தேவையா? பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னையில் போர் தண்ணியை நம்பி இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. குழாயில் வெள்ளைத் திட்டு, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, பக்கெட்டில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. கீசரைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே இருந்து கைப்பிடி அளவு சுண்ணாம்பை எடுத்துக் காட்டுவார். அடுத்து ஒரு விற்பனையாளர் வருவார். பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டு, "சார், 900 காட்டுது. மொத்த வீட்டுக்கும் சிஸ்டம் போட்டே ஆகணும்" என்பார்.

விலை பல பத்தாயிரத்தில் தொடங்கி, லட்சத்தையும் தாண்டுகிறது. போடலாமா, வேண்டாமா? வாங்க, பார்க்கலாம்.

அந்த மீட்டர் என்ன சொல்கிறது?

அது டி.டி.எஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். ஆனால் கீசரைக் கெடுப்பதும், சோப்பை நுரைக்க விடாமல் செய்வதும் அதில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் மட்டும்தான். இதற்குப் பெயர் கடினத்தன்மை. டி.டி.எஸ் 900 இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் கடினத்தன்மை 500 ஆகவும், இன்னொன்றில் 200 ஆகவும் இருக்கலாம். முதல் வீட்டுக்கு மெஷின் உதவும். இரண்டாவது வீட்டுக்கு அனேகமாகத் தேவையே இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி (ஐ.எஸ். 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். டி.டி.எஸ்-க்கு இதே அளவுகள் 500, 2000.

அதனால் முதல் வேலை, ஒரு பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உள்ளன. தனியார் ஆய்வகங்களும் உண்டு. மொத்தக் கடினத்தன்மை, டி.டி.எஸ், குளோரைடு, இரும்பு ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். விற்பவரே இலவசமாகச் செய்து தரும் டெஸ்ட்டை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். பல அபார்ட்மென்ட்களில் மெட்ரோ வாட்டர், போர் தண்ணி, லாரி தண்ணி மூன்றும் ஒரே சம்ப்பில்தான் கலக்கிறது. மழைக்காலத்தில் எடுத்த சாம்பிளும் மே மாதம் எடுத்த சாம்பிளும் ஒரே மாதிரி இருக்காது. கோடையில் எடுத்துப் பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும்.

மெஷின் உள்ளே என்ன நடக்கிறது?

சாஃப்ட்னர் உப்பை வடிகட்டுவதில்லை, மாற்றிக்கொடுக்கிறது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். இந்தக் கழுவலில்தான் மாதச் செலவு ஒளிந்திருக்கிறது.

நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களின் அளவுகோல். நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். கடினத்தன்மை 600 என்றால், தினமும் 324 கிராம் கடின உப்பு மெஷினுக்குள் போகிறது. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 25 லிட்டர் ரெசின் நாலு நாளிலேயே நிரம்பிவிடும். ஒரு கழுவலுக்கு 3 கிலோ உப்பு என்றாலும், மாதம் கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ மூட்டை காலி. ஒவ்வொரு கழுவலுக்கும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் போகும். இதே வீட்டில் கடினத்தன்மை 200 என்றால் 11 நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும். "மெயின்டனன்ஸ் ஒண்ணுமே இல்ல சார்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

எதற்கு இது உதவாது?

குடிக்க உப்புக் கரிக்கும் தண்ணீருக்கு உதவாது. மீஞ்சூர் பக்கம் போல கடல் நீர் நிலத்தடியில் உட்புகுந்த இடங்களில் பிரச்சினையே சோடியம் குளோரைடு. அதை சாஃப்ட்னர் தொடாது. கிருமிகளையும் கொல்லாது. சாஃப்ட்னர் இருந்தாலும் குடிநீருக்கு ஆர்.ஓ அல்லது கேன் தனியாக வேண்டும்.

மேலும், 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். வீட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவர்கள் இருந்தால், சமையலறைக் குழாயைத் தனி லைனில் விட்டுவிடுங்கள். செடிகளுக்கும் இந்தத் தண்ணி ஆகாது.

தண்ணீர் பிடித்துவைத்தால் மஞ்சளாக மாறுகிறதா? அது இரும்பு. முதலில் இரும்பை நீக்கும் ஃபில்டர் வைக்காவிட்டால் ரெசின் சீக்கிரம் கெட்டுவிடும்.

முடி கொட்டுவது நிற்குமா என்பதுதான் பலரின் கேள்வி. கடின நீரில் முடி வறண்டு, சொரசொரப்பாக ஆவது உண்மை. ஆனால் வேரோடு கொட்டுவதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. முடிக்காக மட்டும் லட்ச ரூபாய் செலவு செய்வதாக இருந்தால், அதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

உப்பே போட வேண்டாம், காந்தம் போதும் என்று விற்கப்படும் கருவிகள் கடினத்தன்மையைக் குறைப்பதில்லை. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் டெஸ்ட் செய்தால் எண் மாறாது.

ஃப்ளாட்டில் போட முடியுமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிறைய அபார்ட்மென்ட்களில் ஒவ்வொரு பாத்ரூமுக்கும் மொட்டை மாடியில் இருந்து தனித்தனி பைப் இறங்கும். வீட்டுக்கு என ஒரே நுழைவு லைன் கிடையாது. அப்போது ஒரு மெஷின் ஒரு பாத்ரூமுக்குத்தான். மேல் மாடியில் பிரஷரும் பிரச்சினை. டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடிக்கு 3 மீட்டர்தான் இருக்கும். தனி பம்ப் வைக்காமல் வேலை நடக்காது.

அசோசியேஷன் மூலம் மொத்த பிளாக்குக்கும் போடுவது செலவில் பெரும்பாலும் லாபம். முடியாது என்றால், வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் மட்டும் சின்ன சாஃப்ட்னர் வைக்கலாம். கடினத்தன்மை 200-300 தான் என்றால் அதுகூட வேண்டாம். கீசரை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தாலே போதும்.

கழுவிய உப்புத் தண்ணி எங்கே போகிறது?

விற்பவர்கள் அதிகம் பேசாத கேள்வி இது. அது பாதாளச் சாக்கடைக்குப் போக வேண்டும். சில வீடுகளில் பக்கத்திலேயே இருக்கிறது என்று மழைநீர்த் தொட்டிக்குள் விட்டுவிடுகிறார்கள். மாதம் ஒரு மூட்டை உப்பு, நேராக உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டு போருக்கும்தான் இறங்கும். சாக்கடை இணைப்பு இல்லாத தெருவில் வீடு முழுக்க சாஃப்ட்னர் போடாமல் இருப்பதே நல்லது. அங்கே மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரி, மொட்டை மாடித் தண்ணீர் முழுக்க இறங்கும்படி செய்தால் போர் தண்ணியின் கடினம் வருஷப்போக்கில் கொஞ்சம் குறையவும் வாய்ப்பு உண்டு. 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட தொட்டிதான் அது.

எல்லாம் பார்த்து, போடுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் டி.டி.எஸ் மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கடினத்தன்மை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, முதல் கழுவலுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை பாருங்கள். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.