1941-ஆம் ஆண்டுத் தமிழிசை மாநாடும் அதன் பயனும்

பல்கலைக்கழகமொன்று இசைக்கு விழாவெடுத்த வரலாற்றை ஆராயுங்கால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முன்னிற்கும். 1941 ஆகஸ்டில் அங்குக் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரியின் இறுதியில் 'துக்கடா'வாகவே தமிழ்ப்பாடல் பெரிதும் பாடப்பெற்ற நிலையை மாற்ற முனைந்தது. இசைக்கு மொழிவரம்பு கூடாதென மறுத்தாரும் உளர். இராகம் மொழியெல்லை அறியாதென்பது மெய்யே. ஆதலின் அவர் கூற்று முற்றும் தள்ளத்தக்கதன்று. ஆயின், பாடகர் வினவியது வேறு: மேடையில் விரித்துப் பாடத் தமிழில் உருப்படிகள் போதியனவோ?

இவ்வினாவிற்குச் சொற்போர் விடையாகவில்லை. பழம் பாடல்களையும் புதியனவற்றையும் சுரதாளக் குறிப்புடன் பல்கலைக்கழகம் தொகுதி தொகுதியாக அச்சிட்டமையே விடையாயிற்று. 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், தன் ஆண்டுவிழாக்களால் தமிழ்ப்பாடலுக்கு மேடை தந்தது.

மேடை பெருநகர்க்குரியது, நூலோ எங்குஞ் செல்வது. மதுரைக்கு மேற்கே சபைகளினின்று விலகி நிற்கும் உசிலம்பட்டி போன்ற ஊர்களில் இசை பயில்வார்க்கு விழாவினும் அச்சிட்ட குறிப்பே பெருந்துணையாகும். இன்று புதிய இசைக்கு விழாவெடுக்கும் பல்கலைக்கழகங்கள் இதனைக் கருதுதல் வேண்டும். பாடற்குறிப்பை நூலாக்காத விழா அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் வைத்துச் செல்வதில்லை.