விதையும் மண்ணும்: எலும்பைத் தேடும் மருந்தின் முன்வரலாறு

1889-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 241 பேருக்குக் கல்லீரலில் நோய் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்கு மட்டுமே. மண்ணீரலுக்குச் செல்லும் தமனி சிறியதன்று. குருதி பாயும் இடமெல்லாம் நோய் தங்குமெனில் இத்தகைய வேறுபாட்டுக்கு இடமில்லை. எலும்புகளிலும் சில மட்டுமே மிகுதியாகத் தாக்கப்பட்டிருந்தன. புற்றணுவை விதையாகவும் உறுப்பை மண்ணாகவும் உருவகித்து, அதுவரை விதையை மட்டுமே ஆராய்ந்த மருத்துவத்தை மண்ணின் பக்கம் திருப்ப முயன்றார் பேஜெட்.

முயற்சி உடனே பலிக்கவில்லை. குருதியோட்டத்தின் அமைப்பே பரவலைத் தீர்மானிக்கிறது என்ற ஜேம்ஸ் யூயிங்கின் கருத்து 1920-களின் இறுதி முதல் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 1980-இல் ஹார்ட், ஃபிட்லர் ஆகியோரின் எலிச் சோதனைகளே பேஜெட்டை மீட்டன.

மண்ணைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளோ எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிஸ்பாஸ்போனேட்டுகள் தொழிற்சாலைகளில் நீரால் படியும் சுண்ணாம்புப் படிவைத் தடுக்கப் பயன்பட்டவை. எலும்பின் கால்சியம் தாதுவுடன் அவை இறுகப் பிணைவதையும் எலும்புச் சிதைவைத் தடுப்பதையும் ஹெர்பர்ட் ஃபிளைஷ் குழுவினர் 1969-இல் வெளியிட்டனர்.

நானோ துகள்களின் வரலாறு தனி ஓடை. கட்டிகளின் கசியும் குருதிக்குழாய்கள் வழியே பெருமூலக்கூறுகள் உட்புகுந்து தேங்குவதை 1986-இல் மட்சுமுராவும் மாயேதாவும் காட்டினர். 1995-இல் லிப்போசோமில் அடைத்த டாக்சோரூபிசின் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. இரு ஓடைகளும் பின்னர் கலந்தன. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அலெண்ட்ரோனேட் பூண்ட துகள்கள் போர்ட்டெசோமிப் மருந்தை எலிகளின் எலும்புக்குச் சுமந்து சென்று, மஜ்ஜைப் புற்றான மைலோமாவின் வளர்ச்சியைக் குறைத்தன.

இத்துறை தன்னை 'இலக்கு' என்னும் வில்லாளியின் சொல்லால் அழைத்துக்கொள்கிறது. பால் எர்லிக்கின் 'மாயத் தோட்டா'விலிருந்து வந்த பழக்கம் அது. அச்சொல் சற்றே ஏமாற்றுகிறது. துகளுக்குக் குறிபார்க்கும் கண் இல்லை. குருதி இழுத்த வழியே அது செல்லும், ஒட்டும் இடத்தில் ஒட்டும். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை, செலுத்திய துகள்களில் கட்டியை அடைவது இடைநிலை அளவில் 0.7 சதவீதமே எனக் கணக்கிட்டது. மேலும், அலெண்ட்ரோனேட் அறிவது மண்ணை, விதையையன்று. நோயுற்ற எலும்பிலும் நலமான எலும்பிலும் இருப்பது ஒரே தாது. பிஸ்பாஸ்போனேட் பெற்ற புற்றுநோயாளர் சிலரின் தாடையெலும்பு அழுகியதாக 2003-இலேயே மருத்துவ இதழ்கள் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தன.