ஆறு மாணவியரும் அறுநூறு டாலரும்

நெடுநாள் படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியவர் ஒருவரை நீங்கள் உங்கள் வீட்டிலோ அக்கம் பக்கத்திலோ பார்த்திருக்கக் கூடும். "முதுகில் புண் வந்துவிடப் போகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள்" என்று மருத்துவமனை நர்ஸ் சொல்லி அனுப்பியிருப்பார். நீங்களும் அப்படியே செய்திருப்பீர்கள். புரட்டிப் படுக்க வைப்பதுதான் வழி என்பதை முதலில் யார் கண்டறிந்தார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே அகப்பட்ட தோல் நசுங்குகிறது. அங்குள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் ஓடாத இடத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தசை மெல்ல மடிந்து புண்ணாகிறது. இன்று இது எல்லாருக்கும் எளிதில் புரிகிறது. ஆனால் நெடுங்காலம் மருத்துவமனை வார்டுகளில் செய்து வந்தது வேறு. சோப்பு, சாராயம், களிம்பு என்று எதையாவது முதுகில் தடவித் தேய்த்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மூத்த நர்ஸ் செய்ததை இளையவர் செய்தார். பலன் உண்டா இல்லையா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் அதை அளந்து பார்த்தார். அவரும் உடன் உழைத்த இருவரும் முதியோர் வார்டுகளில் நடத்திய ஆய்வு 1962-இல் வெளிவந்தது. தடவும் பொருள்களை நம்புவதைவிட, நோயாளியை முறையாகத் திருப்பிப் படுக்க வைத்து அழுத்தத்தை நீக்குவதே புண்ணைத் தடுக்கும் என்பது அதன் சாரம். யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே அறிய அவர் ஓர் அளவுகோலும் வகுத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் குறைவோ வந்தால் அபாயம். காகிதமும் பென்சிலும் போதும். வேறு கருவி எதுவும் வேண்டாம்.

இவ்வளவு எளிய கேள்விக்கு விடை காண ஏன் 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது? செவிலியர் கேள்வி கேட்கலாம், ஆராயலாம் என்று உலகம் ஒப்புக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று என்பதுதான் காரணம். அந்த ஒப்புதலைப் பெறுவதில் ஒரு சிறு மாணவியர் சங்கத்துக்கும் பங்கு உண்டு. அதன் கதையைக் காண்போம்.

விளக்கேந்தியவரும் எண்ணிக்கையும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்குடன் வார்டில் நடந்து வரும் உருவம்தான் நம் கண்முன் நிற்கிறது. அவர் கையில் கணக்கேடும் இருந்தது என்பதைப் பலர் அறியார். கிரிமியப் போரில் காயத்தால் மாண்ட வீரர்களைவிட, சுகாதாரக் கேட்டினால் வந்த நோய்களால் மாண்டவர்களே மிகுதி என்பதை 1858-இல் அவர் வட்ட வடிவப் படம் வரைந்து மெய்ப்பித்தார். கவனித்தல், எண்ணுதல், ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் செவிலித் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தன.

ஆனால் 1860-இல் லண்டனில் அவர் பெயரால் பள்ளி ஏற்பட்டு, அதைப் பார்த்துப் பல நாடுகளில் பள்ளிகள் தோன்றியபோது, விளக்கு நிலைத்தது, கணக்கேடு மறைந்தது. அமெரிக்காவிலும் இதே நிலைதான். பெரும்பாலான பள்ளிகளை மருத்துவமனைகளே நடத்தின. மாணவியர் பகலெல்லாம் வார்டில் உழைத்தார்கள். எஞ்சிய நேரத்தில் பாடம் கேட்டார்கள். மருத்துவமனைக்கு மலிவான ஆள்பலம் கிடைத்தது. கீழ்ப்படிதலே அங்கு முதற்பாடம்.

1923-இல் வெளிவந்த கோல்டுமார்க் அறிக்கை இந்த முறையின் குறைகளை எடுத்துக் காட்டி, செவிலிக் கல்வி பல்கலைக் கழகத்துக்குள் வரவேண்டும் என்றது. அதே ஆண்டில் யேல் பல்கலைக் கழகத்தில் தனிச் செவிலியர் பள்ளி திறக்கப்பட்டது. இந்த அறிக்கைக்குச் சில மாதங்கள் முந்தியது நம் கதை.

இந்தியானாபொலிஸ், 1922

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் கௌரவச் சங்கம் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. படிப்பில் சிறந்தவர்களைத் தேர்ந்து உறுப்பினராக்கி, கிரேக்க எழுத்துக்களால் பெயர் சூட்டிக்கொள்ளும் சங்கங்கள் இவை. இவற்றுள் முதலாவதான ஃபை பீட்டா கப்பா 1776-இல் தோன்றியது. மருத்துவ மாணவர்களுக்கு ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா என்ற சங்கம் 1902-இல் ஏற்பட்டது. மருத்துவருக்கு இருந்தது, செவிலியருக்கு இல்லை.

1922-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியானா பல்கலைக் கழகத்தின் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் படித்த ஆறு மாணவியர் அந்தக் குறையை நீக்க முனைந்தனர். டோரதி காரிகஸ், எலிசபெத் ரஸ்ஸல், ஈடித் மூர், மரீ ஹிப்பன்ஸ்டீல், எலிசபெத் மக்வில்லியம்ஸ், மேரி டோல் என்பன அவர்கள் பெயர்கள். பள்ளி தோன்றி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த அறுவருக்கும் பதவியோ பணமோ கிடையாது. தம் சங்கத்துக்கு 'சிக்மா தீட்டா டோ' என்று பெயரிட்டனர். அன்பு, துணிவு, மதிப்பு என்னும் பொருள் தரும் மூன்று கிரேக்கச் சொற்களின் முதல் எழுத்துக்கள் அவை. அன்பு செவிலியருக்கு வேண்டும் என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். துணிவையும் மதிப்பையும் அதனுடன் சேர்த்துச் சொன்னதுதான் புதுமை.

இந்தச் சங்கம் எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். தலைமையகம் ஒன்று இருந்தாலும் உயிர் இருப்பது கிளைகளில்தான். பல்கலைக் கழகம் ஒன்றில் தகுதியுள்ள செவிலியர் கல்லூரி இருந்தால் அங்கு கிளை அமைக்க அனுமதி தரப்படுகிறது. முதற்கிளைக்கு ஆல்ஃபா என்று பெயர். அடுத்தடுத்து பீட்டா, காமா, டெல்ட்டா என்று கிரேக்க எழுத்து வரிசையிலேயே பெயர் தொடர்கிறது. பட்டப் படிப்பில் முன்வரிசையில் நிற்கும் மாணவ மாணவியரும், தொழிலில் சிறந்து விளங்கும் பட்டம் பெற்ற நர்ஸுகளும் அழைக்கப்பட்டு, ஒரு சடங்குடன் சேர்க்கப்படுகிறார்கள். உறுப்பினர் கட்டும் சந்தாவில் ஒரு பகுதியைக் கொண்டு கிளைகள் சிறு ஆராய்ச்சிக் கொடைகள் வழங்குகின்றன; கூட்டம் போட்டு ஆய்வுகளைப் படிக்கின்றன; ஊர் மக்களுக்கான சேவையில் இறங்குகின்றன; ஆண்டுதோறும் சிறந்தவரைப் பாராட்டுகின்றன.

பாராட்டோடு நின்றிருந்தால் இச்சங்கத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டிய தேவை இருந்திராது. மேலும் ஒரு படி ஏறிய ஆண்டு 1936.

அறுநூறு டாலர்

பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டில் சிக்மா தீட்டா டோ சங்கம், ஆலிஸ் கிரிஸ்ட் மலோன் என்ற செவிலியருக்கு ஆராய்ச்சிக்கென 600 டாலர் கொடுத்தது. அமெரிக்காவில் செவிலி ஆராய்ச்சிக்கு ஓர் அமைப்பு பணம் ஒதுக்கியது அதுவே முதல் முறை.

தொகை சிறியது. ஆனால் அதன் பொருள் பெரியது என்பதை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'நர்சிங் ரிசர்ச்' என்ற ஆராய்ச்சி இதழ் வெளிவரத் தொடங்கியது 1952-இல். அதாவது 16 ஆண்டுகள் கழித்து. அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை செவிலி ஆராய்ச்சிக்கெனக் கொடைத் திட்டம் வகுத்தது 1955-இல். 19 ஆண்டுகள் கழித்து. தேசியச் சுகாதார நிலையங்களுக்குள் செவிலி ஆராய்ச்சிக்குத் தனி மையம் அமைந்தது 1986-இல். சரியாக 50 ஆண்டுகள் கழித்து. அதுவும் எளிதில் வந்துவிடவில்லை. அந்தச் சட்டத்தை அதிபர் ரீகன் மறுத்துவிட்டார். 1985 நவம்பரில் நாடாளுமன்றம் அவர் மறுப்பைத் தள்ளி அதை நிறைவேற்றியது. அரை நூற்றாண்டுக்குப் பின் அரசு வந்து சேர்ந்த இடத்துக்கு, மாணவியர் தொடங்கிய ஒரு சங்கம் தன் சொந்தக் காசுடன் முன்னரே போயிருந்தது. சங்கம் 1967-இல் தனக்கென ஓர் ஆராய்ச்சி இதழும் தொடங்கிற்று.

ஆராய்ந்ததால் விளைந்தது என்ன?

செவிலி ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

ஒன்று: ஒன்றரைக் கிலோவும் தேறாத எடையுடன் பிறக்கும் குழந்தைகளை வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே வைத்திருப்பது வழக்கம். டோரதி புரூட்டன் என்ற செவிலி ஆய்வாளரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவு வழக்கம்போல் வீடு சென்றது. மற்றப் பிரிவு, உடல்நிலை தேறியதும் முன்னதாகவே அனுப்பப்பட்டது. ஆனால் தேர்ந்த நர்ஸ் ஒருவர் வீட்டுக்குச் சென்று கவனித்து, தாய்க்குக் கற்றுத் தந்து, தொலைபேசியிலும் உதவினார். 1986-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாம் பிரிவுக் குழந்தைகள் சராசரி 11 நாட்கள் முன்னதாகத் தாய்மடி சேர்ந்தன. அதனால் அவற்றுக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை, செலவும் குறைந்தது.

இரண்டு: லிண்டா ஐக்கன் என்ற செவிலி ஆய்வாளரின் குழு, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அங்குள்ள நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. நால்வருக்குப் பதில் எண்மரை ஒருவர் கவனித்தால் எவ்வளவு கூடும்? நான்கு ஏழு இருபத்தெட்டு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இது கூட்டு வட்டி போன்றது. 1.07-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 1.31 வரும். ஆகவே 31 சதவீதம். "இரவு வேலைக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும்" என்று நர்ஸுகள் கேட்டபோதெல்லாம் அது வெறும் முறையீடாகக் கருதப்பட்டது. எண்ணிக் காட்டிய பிறகு அது உயிர்க் கணக்காயிற்று.

கௌரவம் யாருக்கு?

வரலாறு எழுதும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருவரைத் தேர்ந்து மதிப்பளிக்கும் எந்தச் சங்கமும் மற்றொருவரை வெளியே நிறுத்துகிறது. பட்டப் படிப்பே உறுப்பினராகும் வழியாக இருந்ததால், மருத்துவமனைப் பள்ளிகளில் பயின்று வார்டில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஆயிரக்கணக்கானோருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

நிறவேற்றுமை இன்னும் கொடியது. அக்காலத்தில் அமெரிக்காவின் பல செவிலியர் பள்ளிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்ப்பதே இல்லை. 1932-இல் வாஷிங்டன் நகரில், கறுப்பின மக்களுக்கென இருந்த ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையில், அலீன் கேரிங்டன் யூயல் என்பவர் மேலும் பதினொரு நர்ஸுகளுடன் கூடி 'கை ஈட்டா ஃபை' என்ற தனிச் சங்கம் கண்டார். 'மானிடத்துக்குச் சேவை' என்பது அதன் குறிக்கோள். மறுக்கப்பட்ட மதிப்பைக் காத்திராமல், தமக்குத் தாமே அவர்கள் தேடிக்கொண்டார்கள். அமெரிக்கச் செவிலியர் சங்கம் அவர்களுக்கு நேரடி உறுப்பினராகும் வழியைத் திறந்தது 1948-இல்தான்.

நம் நாட்டில்

நம் பக்கத்தையும் சற்றுப் பார்ப்போம். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அது சென்னைப் பல்கலைக் கழகத்தின் பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர்ந்தது. அதே ஆண்டில் டெல்லியிலும் பட்டப் படிப்பு தொடங்கிற்று. இந்தியாவில் செவிலிக் கல்வி பல்கலைக் கழகத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். சிறந்த செவிலியருக்கு நைட்டிங்கேல் பெயரால் தேசிய விருது வழங்கும் வழக்கத்தை இந்திய அரசு 1973-இல் ஏற்படுத்தியது.

இந்தியானாபொலிஸின் அறுவர் தொடங்கிய சங்கம் 1985-இல் சர்வதேச அமைப்பாயிற்று. 2022-இல் நூறாண்டு கண்டது. இன்று பல நாடுகளில் பரவி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருக்கிறது. ஆராய்ச்சி, சேவை, பாராட்டு ஆகிய மூன்றும் அதன் கிளைகளில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சேவையில் கேள்வி பிறக்கிறது; ஆராய்ச்சி விடை தேடுகிறது; பாராட்டு, அடுத்தவருக்குக் கேட்கும் துணிவைத் தருகிறது. இவற்றில் பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டால் மிஞ்சுவது சால்வையும் மாலையுமே.

அடுத்த முறை நீங்கள் மருத்துவமனைக்குச் செல்லும்போது, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் ஒரு நர்ஸ் ஏதோ குறித்துக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். நாடித் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்த நேரம் என்று பலவும் அதில் இருக்கும். மேற்சொன்ன ஆராய்ச்சிகள் எல்லாம் இத்தகைய குறிப்புகளிலிருந்து தொடங்கியவையே. 'சிஸ்டர்' என்று நாம் வாய் நிறைய அழைக்கும் அவரிடம், அந்தக் குறிப்புகளிலிருந்து அவர் என்ன கண்டறிந்தார் என்றும் கேட்டுப் பாருங்கள். அவரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.