கூகுள் மேப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஜிபிஎஸ் எங்கே, ஏன் கைவிடுகிறது?

2024 நவம்பர் 24. உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கும் பதாயூனுக்கும் இடையே, ராம்கங்கா ஆற்றுப் பாலத்தில் ஒரு கார் ஏறியது. அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை முன்பு வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஃபோனில் இருந்த மேப்பில் மட்டும் பாலம் முழுசாக இருந்தது. ஆற்றுக்குள் விழுந்த காரில் இருந்த 3 பேரும் இறந்துபோனார்கள்.

'ஜிபிஎஸ் காட்டிய தப்பான வழி' என்றுதான் அப்போது பெரும்பாலான செய்திகள் சொன்னன. ஆனால் கார் அந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதை ஜிபிஎஸ் சரியாகவே சொல்லியிருக்கும். தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஆபீஸ் போக, ஊருக்குப் போக, டெலிவரி வர என்று தினமும் இதை நம்பி இருக்கிற நீங்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜிபிஎஸ்ஸுக்கு ரோடு தெரியுமா?

தெரியாது. ஜிபிஎஸ் என்பது சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் கூட்டம். ஒவ்வொன்றும் 'இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து உங்கள் ஃபோன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் செயற்கைக்கோளுக்குள் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள்.

அதன் வேலை அவ்வளவுதான். ரோடு, பாலம், ஒருவழிப்பாதை எல்லாம் மேப் கம்பெனியின் தரவுத்தளத்தில் இருப்பவை. 'இப்படிப் போ' என்று சொல்வது அந்தத் தரவின் மேல் ஓடும் ஒரு கணக்கு. இடம், மேப், வழி என்று மூன்று தனித்தனி வேலைகளை நாம் 'ஜிபிஎஸ்' என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். ராம்கங்காவில் பொய்த்தது இரண்டாவது.

இன்னொரு விஷயம். சிக்னலைப் பிடிக்க இன்டர்நெட் தேவையே இல்லை. ஃபோன் ஒரு ரேடியோ மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான். 'நெட் இல்ல, ஜிபிஎஸ் வேலை செய்யல' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் வராமல் இருப்பது மேப்.

அப்போ நீலப் புள்ளி ஏன் தாவுகிறது?

திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்மார்ட்ஃபோனின் துல்லியம் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. வயல்வெளியில் இது தாராளமாகப் போதும். நகரத்துக்குள் வந்தால் கதை மாறும். சிக்னல் உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும்போது கூடுதல் தூரம் பயணிக்கிறது; ஃபோன் அதை நேராக வந்த சிக்னல் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நிற்பது ஒரு தெரு, புள்ளி நிற்பது பக்கத்துத் தெரு.

உயரக் கணக்கு இன்னும் மோசம். பெங்களூரு சில்க் போர்டில் மேம்பாலத்தில் ஏறியாச்சா, கீழேயே போறோமா என்று மேப் குழம்புவது இதனால்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோடு. 2024 ஜூலையில்தான் கூகுள், மேம்பாலங்களை முன்கூட்டியே சொல்லும் வசதியை இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தது. நான்கு சக்கர வாகனங்களைக் குறுகலான சந்துகளில் அனுப்பாமல் இருக்கும் வசதியும் அதே அறிவிப்பில் வந்தது. முதலில் கிடைத்த 8 நகரங்களில் சென்னையும் கோவையும் உண்டு.

'வேகமான வழி' யாருக்கு வேகம்?

வழியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு பார்ப்பது நேரத்தையும் தூரத்தையும். இருட்டு, சரிவு, ஆற்றங்கரை எல்லாம் அதன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. 2024 ஜனவரியில் கூடலூரில், 'வேகமான வழி' என்று காட்டியதை நம்பிப் போன ஒரு கர்நாடக எஸ்யூவி, போலீஸ் குடியிருப்பு வழியாக வந்து படிக்கட்டில் சிக்கிக்கொண்டது. சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். அதே ஆண்டு மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில், மழையில் ரோடும் ஓடையும் ஒன்றாகத் தெரிந்த இடத்தில், ஹைதராபாத்திலிருந்து வந்த 4 பேரின் கார் தண்ணீருக்குள் இறங்கியது. நால்வரும் உயிர்தப்பினார்கள்.

டிராஃபிக் நிலவரம் எங்கிருந்து வருகிறது? அந்த ரோட்டில் போகும் மற்ற ஃபோன்களின் வேகத்திலிருந்து. 2020-ல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர், ஒரு தள்ளுவண்டியில் 99 ஃபோன்களைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். காலியாக இருந்த தெரு மேப்பில் சிவப்பானது! இதைத் திருப்பிப் பாருங்கள். வண்டியே ஓடாத ரோடு 'நெரிசல் இல்லாத ரோடு' மாதிரிதான் தெரியும். அது ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வி கணக்கில் இல்லை. 2023 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் கார் ஆற்றுக்குள் போய் 2 இளம் டாக்டர்கள் இறந்த பிறகு கேரள போலீஸ் விடுத்த அறிவுரையிலும் இது இருந்தது: கூட்டம் குறைவான வழி பாதுகாப்பான வழியாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

மேப் காட்டும் எல்லைக்கோட்டையும் சேர்த்தே சந்தேகப்படலாம். 2025 ஜனவரியில் ஒரு குற்றவாளியைப் பிடிக்கப் போன 16 பேர் கொண்ட அசாம் போலீஸ் குழுவுக்கு, ஒரு தேயிலைத் தோட்டம் அசாமுக்குள் இருப்பதாக மேப் காட்டியது. போய்ச் சேர்ந்தது நாகாலாந்தின் மொகோக்சுங் மாவட்டத்தில். பெரும்பாலானவர்கள் மஃப்டியில், கையில் துப்பாக்கியோடு இருந்ததால், ஏதோ ரவுடிக் கும்பல் என்று நினைத்த ஊர்க்காரர்கள் அவர்களைத் தாக்கி, ராத்திரி முழுக்கப் பிடித்துவைத்தார்கள்.

சிக்னலையே ஏமாற்ற முடியுமா?

முடியும். 20,000 கி.மீ. தாண்டி வரும் சிக்னல் மிகப் பலவீனமானது. தரையிலிருந்து அதைவிடச் சத்தமாக ஒலிபரப்பினால் ஒன்று அது அமுங்கிப்போகும், இல்லையென்றால் போலி சிக்னலை ரிசீவர் நம்பிவிடும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, முக்கியமாக அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில், விமானங்களில் இப்படி 465 சம்பவங்கள் பதிவானதாக மத்திய அரசு மக்களவையில் சொன்னது. 2025 டிசம்பரில், டெல்லி விமான நிலையம் அருகிலும் இது நடந்ததை அரசு ஒப்புக்கொண்டது. விமானங்கள் தப்பிப்பதற்குக் காரணம், தரையில் இருக்கும் பழைய கருவிகளை இன்னும் கழற்றிப் போடாததுதான். உங்கள் காரில் அப்படி ஒரு மாற்று கிடையாது.

நம்முடைய சொந்த அமைப்பான நாவிக் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 7 செயற்கைக்கோள்கள் என்பது திட்டம். பழையவற்றில் சிலவற்றின் அணுக் கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. மாற்றாக 2025 ஜனவரியில் அனுப்பிய என்விஎஸ்-02 தனக்கான சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை.

எத்தனை விபத்துகள் இதனால்?

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அந்த அறிக்கையில் அதிவேகம், குடிபோதை, மொபைல் பயன்பாடு எனத் தனித்தனித் தலைப்புகள் உண்டு. 'மேப் காட்டிய தவறான வழி' என்று ஒரு தலைப்பு கிடையாது. அதனால் 'இத்தனை சதவீத விபத்து மேப்பால்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எண்ணாத ஒன்றைக் குறைக்கவும் முடியாது என்பது என் கவலை.

சரி, யார் மேல கேஸ்?

ராம்கங்கா விபத்தில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் 4 பேர் மீதும், பெயர் குறிப்பிடாமல் ஒரு கூகுள் மேப்ஸ் அதிகாரி மீதும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 105-ன் கீழ் எஃப்ஐஆர் போடப்பட்டது. பாலத்தை மறித்து உறுதியான தடுப்பு இல்லை என்பது முக்கியமான குற்றச்சாட்டு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. மேப்பே இல்லாமல், வழி கேட்டுக்கொண்டு வந்த வெளியூர்க்காரரும் அங்கே விழுந்திருப்பார்.

காரை ஓட்டும் உங்களுக்கும் ஒரு விதி உண்டு. 2020 அக்டோபர் 1 முதல், வழி பார்ப்பதற்கு மட்டும் ஃபோனைப் பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கின்றன. கவனம் சிதறக் கூடாது என்பது நிபந்தனை. ஸ்டாண்டில் மாட்டி, கிளம்புவதற்கு முன்பே இடத்தைப் போட்டுவிடுங்கள்.

தெரியாத ஊருக்கு ராத்திரியிலோ மழையிலோ போவதாக இருந்தால், பகலிலேயே முழு வழியையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கார், பைக் எது என்று சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைக் வழியில் கார் நுழையாது. மலைப்பகுதி என்றால் மேப்பை முன்பே டவுன்லோட் செய்துகொள்ளலாம், ஆனால் ஆஃப்லைனில் டிராஃபிக்கும் புதிதாக மூடிய ரோடுகளும் தெரியாது. ஹைவேயை விட்டு இறக்கி, 10 நிமிஷம் மிச்சம் என்று ஆளில்லாத ரோட்டுக்குள் கூப்பிட்டால், அந்த முனையில் இருக்கும் டீக்கடையில் நிறுத்தி ஒரு வார்த்தை கேளுங்கள். மூடிய ரோட்டையோ உடைந்த பாலத்தையோ பார்த்தால் ஆப்பில் ரிப்போர்ட் செய்யுங்கள், கூடவே 112-க்கும் சொல்லுங்கள். தடுப்பு வைக்கக்கூடிய ஆட்கள் இருப்பது அந்தப் பக்கம்தான்.