கப்பற்றலைவன் வாக்குமூலமும் இரண்டு சீட்டுகளும்

ஒரு வழக்கைத் தீர்க்கப் புகுந்த அவையினர் நெடுநாள் வழக்கம், எழுத்து, கண்டார் சொல் என்னும் மூன்றனையும் நாடுதல் தமிழ்நாட்டுப் பண்டை முறையாகும். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஒருவர் ஓலை காட்டி வழக்குரைத்ததையும், அவ்வோலை கிழிக்கப்பட்ட பின்னர் மூலவோலை வெளிப்பட்டு வழக்கு முடிந்ததையும் பெரியபுராணம் கற்ற நம் அன்பர்கள் நன்கறிவர். மூலவோலை வெளிவராமலே முடிந்த வழக்கொன்றும் உலக வரலாற்றில் உண்டு. நம் நாட்டுக் கடலில் வணிகர் சரக்குப் பறிபோனதனால் எழுந்த அவ்வழக்கை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வில்லியம் கிட் என்பார் நியூயார்க் நகரில் வாழ்ந்த கப்பற்றலைவர். அவர் ஆங்கில அரசர் மூன்றாம் வில்லியத்தின் ஆணைப்பத்திரம் பெற்று, 34 பீரங்கிகள் தாங்கிய 'அட்வெஞ்சர் காலி' என்னுங் கப்பலில் 1696-ஆம் ஆண்டு புறப்பட்டார். கடற்கொள்ளையரைப் பிடித்தலும், அந்நாளில் இங்கிலாந்தோடு போர் புரிந்த பிரெஞ்சுக்காரரின் கப்பல்களைக் கைப்பற்றுதலும் அவர்க்கிட்ட பணிகள். இம்முயற்சிக்கு முதலிட்டவருள் இங்கிலாந்தின் பெருமக்கள் சிலரும் இருந்தனர். கப்பலாட்களுக்கோ சம்பளமில்லை; கைப்பற்றும் பொருளிற் பங்கே கூலி. பொருள் அகப்படாவிடில் வெறுங்கையே. பின்வந்த கேட்டிற்கெல்லாம் இவ்வேற்பாடே வித்தாயிற்று என்பது எம் கருத்து.

1698-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், கொச்சிக்கு அப்பாலுள்ள கடலில், வங்காளத்தினின்று சூரத்துக்குச் சென்றுகொண்டிருந்த 'கெதா மர்ச்சன்ட்' என்னும் பெருங்கப்பல் கிட்டின் கண்ணிற் பட்டது. கெதா என்பது நம் இலக்கியங்களும் சாசனங்களும் கடாரம் என வழங்கும் மலேயா நாட்டுத் துறையின் பெயரென்பர். பட்டு, மெல்லிய துணிகள், சர்க்கரை, அபினி, இரும்பு, வெடியுப்பு ஆகியன அக்கப்பலில் நிறைந்திருந்தன. சரக்கிற் பெரும்பகுதி ஆர்மீனிய வணிகருடையது. முகலாய அரசவைப் பெருமகனார் முக்லிஸ் கானுக்கும் அதிற் பங்குண்டு.

நிகழ்ந்ததைக் கிட்டே 1699 ஜூலை மாதத்தில் பாஸ்டன் நகரில் எழுத்து மூலம் வாக்குமூலமாகத் தந்துள்ளார். தாம் ஏமாற்றும் பொருட்டுப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிச் சென்றதாகவும், எதிர்க்கப்பலின் தலைவனை அழைத்தபோது அதன் பீரங்கிக்காரனாகிய பிரெஞ்சுக்காரன் ஒருவன் தலைவன்போல வந்ததாகவும், உடனே ஆங்கிலக் கொடியை ஏற்றவே அவன் திகைத்து, இது நல்ல பறிமுதலே என்று சொல்லிப் பிரெஞ்சு அனுமதிச்சீட்டைத் தம் கையிற் கொடுத்ததாகவும் அவர் கூறுகின்றார். அச்சீட்டு உள்ளமையால் அது பகைவர் கப்பல். ஆகவே தம் செயல் அரசாணைக்கு உட்பட்டது என்பதே அவர் வாதம். அதற்கு முன் 1697 நவம்பரிற் கைப்பற்றிய சிறிய கப்பலிலும் அத்தகைய சீட்டொன்று அகப்பட்டிருந்தது.

இவ்வாக்குமூலத்தைப் படிப்போர் அதன் சொற்களையே உரைகல்லாகக் கொண்டு நோக்கல் வேண்டும். வந்தவன் பீரங்கிக்காரன் என்பதைக் கிட்டே ஒப்புகின்றார். கப்பலை உண்மையில் நடத்திச் சென்றவர் ரைட் என்னும் ஆங்கிலேயர். அக்கால வணிகர் பல நாட்டுக் கம்பெனிகளிடமும் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, எதிர்ப்படும் கொடிக்கேற்றதைக் காட்டித் தப்புதல் வழக்கம். பிரெஞ்சுக் கொடி கண்டு பிரெஞ்சுச் சீட்டு நீட்டப்பட்டது. காக்குமென்று நம்பி வாங்கிய சீட்டே பறிப்பதற்குக் காரணமாயிற்று. கப்பலிலிருந்த ஆர்மீனியர் தலைவர் 20,000 ரூபாய் தந்து மீட்க முன்வந்தார்; சரக்கு அதனினும் மிக்க விலையுடையதென்று கிட் மறுத்தார். பின்னர்ச் சரக்கிற் பெரும்பகுதியை மலையாளக் கரையிலேயே விற்று ஆட்களுக்குப் பங்கிட்டார் என்றும், விற்ற தொகை பத்துப் பன்னீராயிரம் பவுன் வரையிலாம் என்றும் அவர் ஆட்களே சாட்சி கூறினர். இங்கிலாந்தும் பிரான்சும் 1697 செப்டம்பரிலேயே உடன்படிக்கை செய்துகொண்டன. எனினும், அச்செய்தி இந்தியக் கடலுக்கு எட்டப் பல மாதங்கள் ஆகும் காலம் அது.

பறிகொடுத்தோர் முறையீடு சூரத்தில் எழுந்தது. 1695-இல் வேறொரு ஆங்கிலேயக் கொள்ளையன் முகலாயப் பேரரசரின் கப்பலைக் கொள்ளையிட்டபோதே அங்குள்ள ஆங்கிலக் கம்பெனியார் சிறைப்பட்டனர். இம்முறையும் அச்சங்கொண்ட கம்பெனியார் கிட்டைக் கடற்கொள்ளையன் என்று லண்டனுக்கு எழுதினர். முதலிட்ட பெருமக்களும் அவரைக் கைவிட்டனர்.

வழக்கு 1701 மே மாதம் 8, 9-ஆம் நாள்களில் லண்டன் ஓல்டு பெய்லி மன்றில் நடந்தது. கிட் தம் சீட்டுகளை வருவித்துத் தருமாறு வேண்டினார். அவை அவர் பாஸ்டனில் ஆளுநர் பெல்லமான்ட்டிடம் சேர்ப்பித்து, அவரால் லண்டனுக்கு அனுப்பப்பட்டவை. ஆயினும் மன்றில் அவை வரவில்லை. சீட்டு உண்டெனின் கப்பலை முறைப்படி ஒரு நீதிமன்றத்தின் முன் வைத்துப் பறிமுதலென்று தீர்ப்புப் பெறாதது ஏன் என நீதிபதி வினவினார். தம் ஆட்கள் தம்மை மீறினர் என்பதே கிட்டின் விடை. தம் பீரங்கிக்காரன் வில்லியம் மூரைக் கொன்ற குற்றமும், கொள்ளைக் குற்றங்களும் அவர்மேல் தீர்ந்தன. மே 23-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். முதன்முறை கயிறு அறுந்தது. மறுமுறை உயிர் பிரிந்தது.

இருநூறு ஆண்டு கழிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்விரு சீட்டுகளும் லண்டன் அரசாங்க ஆவணச் சாலையிற் கண்டெடுக்கப்பட்டன! கெதா மர்ச்சன்ட் கப்பலின் சிதைவும் 2007-இல் டொமினிக்கன் குடியரசின் கடலடியில் அடையாளங் காணப்பட்டது.

கிட் குற்றமற்றவரோ எனின், அன்றென்போம். சீட்டு மெய்யே, எனினும் தீர்ப்புப் பெறாது சரக்கை விற்றதை அச்சீட்டு மறைக்கமாட்டாது. நீதி நடந்ததோ எனின், அதுவும் அன்றென்போம். ஒருவன் உயிர்நிலை தொங்கும் எழுத்தை மன்றினின்று விலக்கி வழங்கிய தீர்ப்பு, முடிவு சரியாயினும் முறை தவறியதே. சரக்கிழந்த வணிகரோ இருவர் பிழைக்கும் இடையில் அகப்பட்டு நொந்தனர்.

நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்துக் கணக்கேடுகளும், உண்டிச்சீட்டுகளும், ஓலைமுறிகளும் பரண்மேற் கிடக்கின்றன. செல்லுக்கும் அடுப்புக்கும் அவற்றை இரையாக்குதல் முறையன்று. எந்தச் சிறு துண்டு என்று எவருடைய வழக்கிற்கு மூலவோலையாகுமோ அறியோம். அன்பர்கள் அவற்றைத் துடைத்தெடுத்துப் போற்றுவாராக.