டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினால் கணக்கு கிடையாதா? வெளிநாடு செல்லும் குமரி பயணிகள் கவனத்துக்கு...

நாகர்கோவில்:

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள்.

அங்கே இமிகிரேஷன் முடிந்ததும் கண்ணில் படுவது டியூட்டி ஃப்ரீ கடை. பாஸ்போர்ட்டும் போர்டிங் பாசும் காட்டினால்தான் பில் போடுவார்கள். 1947-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் தொடங்கிய வியாபாரம் இது. நம்ம ஆட்களுக்கு நன்கு பழக்கமான துபாய் கடை 1983 டிசம்பரில் வந்தது.

"டியூட்டி ஃப்ரீல வாங்குனதுக்கு யாரும் கேக்க மாட்டாங்கலே" என்று ஊரில் சொல்வது தப்பு. வரி இல்லை என்பது அந்தக் கடையோடு சரி. இறங்குகிற ஊரில் சுங்க அதிகாரியின் கணக்கு வேறு.

குவைத், சவூதி போகிறவர்கள் சரக்கு பாட்டிலைத் தொடவே வேண்டாம். அங்கே மது கொண்டு போவது குற்றம். "கடையில பில் போட்டுத்தான தந்தாங்க" என்று சொல்லி தப்ப முடியாது. வேலை போவதோடு ஜெயிலும் உண்டு.

லீவுக்கு ஊர் திரும்பும்போது ஒரு ஆளுக்கு 2 லிட்டர் மது, 100 சிகரெட் வரை வரி இல்லை. இதில் சிகரெட்டில்தான் ஏமாறுவது சுலபம். ஒரு கார்ட்டனில் 200 சிகரெட் இருக்கும். கடைக்காரர் தாராளமாக விற்பார், இங்கே பாதிக்கு வரி கட்டணும்.

மற்ற சாமான்களுக்கான சலுகை 2016 விதிப்படி 50 ஆயிரம் ரூபாயாக இருந்தது. 2026 பிப்ரவரியில் 75 ஆயிரம் ஆனது. தங்கக் காசு, பிஸ்கட்டுக்கு இந்தச் சலுகை செல்லாது.

துபாயில் சாக்லேட், சென்ட் எல்லாம் டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால் பெரிய லாபம் இல்லை. 2018-ல் வந்த 5 சதவீத வாட் வரி போன்றவைதான் மிச்சம். டவுன் சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் போட்டால் அதுவே மலிவு. வரி அதிகமுள்ள சிகரெட், மதுவில்தான் விலை நன்றாகக் குறையும்.

வழியில் விமானம் மாறுகிறவர்கள், கடையில் சீல் வைத்துத் தரும் கவரை கடைசி ஊர் வரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில், சென்ட் ஆனாலும் சரி, செக்யூரிட்டியில் போய்விடும். மும்பை, சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள், சுங்கச் சோதனை முடிந்ததும் பாட்டிலை லுங்கியில் சுற்றி, லக்கேஜில் போடும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடலாம். பில்லை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.